அண்ணனுக்கு மனநோய்ச் சான்றிதழ் வாங்கினால் நிலத்தில் பங்கு போய்விடுமா?

பாமணியாற்றங்கரை எழுதியது:

வணக்கம். கேள்வி ஒன்றுதான். ஆனால் கதையைச் சொல்லாமல் கேட்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். அண்ணனுக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் வாரச் சம்பளத்தைக்கூட வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். மனச்சிதைவு நோய் என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்பதற்குள் மந்திரிப்பு, தாயத்து, கயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அம்மாவின் தோடு அடகுக்குப் போய் மூழ்கியும் போனது. இப்போது மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறோம். மாத்திரைக்குக் காசு இல்லை. மாத்திரை கிளப்புகிற பசிக்குத்தான் காசு வேண்டியிருக்கிறது. ராத்திரி எழுந்து, காலைக்கென்று தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை மொத்தமும் தின்றுவிடுவான். ரேஷன் அரிசி இருபதாம் தேதியைத் தாண்டுவதில்லை. அம்மாவுக்கு விதவைத் தொகை 1200 வருகிறது, அது கடையில் அரிசி வாங்கவே சரி.

அவன் யாரையும் அடித்ததில்லை. ஊரும் அவனை அடித்ததில்லை, கல்லால் எறிந்ததில்லை. கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், இவனுக்குப் பேப்பர் கப். நாற்றுப் பறிக்கக் கூப்பிட்டால் பாதிக் கூலி, சில நாள் சோறு மட்டும். மாத்திரையால் கை நடுங்கும். புதிதாக வருகிற மேஸ்திரி, காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

போன வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க வந்தார்கள். அப்பா போனபின் எங்கள் வீட்டுத் தலைக்கட்டு அண்ணன்தான். அம்மா பணத்தை அவன் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தாள். வந்தவர்கள் நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்க வீட்டுக்கு வேணாம் பெரியம்மா, விட்டுட்டோம்" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் பணத்தை நீட்டியபடியே நிற்கிறான். மிச்சம்தானே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வரி வாங்காத வீட்டுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு கிடையாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா பெயரில் இருந்த ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நஞ்சை இன்னும் பாகம் பிரியாமல் கிடக்கிறது. அதில் பாதி அப்பா பங்கு. இப்போது சித்தப்பா பிரிக்கலாம் என்கிறார். அவர் சொல்லும் ஏற்பாடு இது: அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் நிலத்தில் எங்கள் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். வீடும் கொல்லையும் எங்களுக்கு. அண்ணனுக்குக் கடைசிவரை அவர்கள் சோறு போடுவார்களாம். "பைத்தியத்துக்கு எதுக்கு நெலம், வெதைக்கவா போறான்?" என்று சித்தி என் காதுபடவே சொன்னாள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு மேடம், மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குங்கள், உதவித்தொகை வரும் என்றார். அதைக் கேள்விப்பட்ட சித்தப்பா மகன், "தாராளமா வாங்குங்க. புத்தி சரியில்லைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டா சட்டப்படி அவனுக்குப் பங்கே கெடையாது" என்கிறான். ஒரு வக்கீலிடம் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தவன், அதனால் அம்மா நம்பிவிட்டாள். சான்றிதழே வேண்டாம் என்கிறாள்.

அவன் சொல்வது உண்மையா? அண்ணனுக்கு ஓட்டு இருக்கிறது. அதுவும் போய்விடுமா? நான் மன்னார்குடியில் தையல் வேலை செய்கிறேன், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வக்கீல் வைக்க எங்களிடம் பணம் இல்லை.

குடமுருட்டி எழுதியது:

சகோதரி, திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமியைப் பார்த்தீர்களா? வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தியே விலகிய இடம். கிழக்கு வாசலில் நுழைந்து வேறு வாசலால் வெளியே வர வேண்டும், வந்த வழியே திரும்பக் கூடாது. இல்லாவிட்டால் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வையுங்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது, அம்மாவுக்கும் வயதாகிறதே. நிலம் நீச்சு எல்லாம் பிறகு.

அடங்கல் எழுதியது:

தங்கச்சி, நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வலங்கைமான், குடவாசல் பக்கம் நிறைய வருடம். உங்கள் சித்தப்பா மகன் சொன்னது சுத்தத் தப்பு. முதலில் அவனிடம் ஒன்று கேளுங்கள்: பங்கே இல்லாதவனிடம் எதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்?

இனி சட்டம். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 28ஆம் பிரிவு இருக்கிறது. நோய், ஊனம் எதைக் காட்டியும் ஒருவரை வாரிசு இல்லை என்று தள்ள முடியாது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்து 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. அதன் 13ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வாரிசாக அடையவும் மற்றவர்களுக்கு என்ன உரிமையோ அதே உரிமை என்கிறது. உங்களுக்கு நேராகப் பொருந்துவது 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், 3ஆம் பிரிவு. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஓட்டும் அப்படித்தான். நீதிமன்றம் அப்படி அறிவிக்காதவரை பட்டியலில் பெயர் இருக்கும். உதவித்தொகைக்கு வாங்குகிற சான்றிதழ் நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது.

நான் வேலையில் இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். வாரிசுச் சான்று விசாரணைக்குப் போனால் திண்ணையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, கடைசியில் மெதுவாக ஆரம்பிப்பார்கள்: "அவன் பேரு மட்டும் வேணாம் சார், அவன் ஒரு மாதிரி." கொல்லைப்புறத்தில் அந்த ஆள் விறகு பிளந்துகொண்டிருப்பார். வீட்டில் இருக்கிற எல்லா வேலைக்கும் ஆகிறவர், பெயர் எழுத மட்டும் ஆகமாட்டார். எனவே முதல் வேலை, உங்கள் அப்பாவின் வாரிசுச் சான்றில் அண்ணன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று ஒன்று எடுங்கள். ஏற்கெனவே ஏதாவது பதிந்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

விடுதலைப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, அவ்வப்போது புத்தி தடுமாறுகிறவர்கூடத் தெளிவாக இருக்கும் நேரத்தில் போட்ட கையெழுத்து செல்லும். பிறகு "அன்றைக்கு அவன் தெளிவாக இல்லை" என்று நிரூபிக்க சிவில் கோர்ட்டில் எத்தனை வாய்தா ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசிவரை சோறு போடுவேன் என்கிறாரே சித்தப்பா, அதை ஒரு வரி பத்திரத்திலேயே எழுதச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வக்கீலுக்குப் பணம் வேண்டாம். மன்னார்குடி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி 15100.

உதவித்தொகைக்கு ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழில் இருக்க வேண்டும். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1500 ரூபாய். இ-சேவையில் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். 2000 ரூபாய் என்று சிலர் சொல்வார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது அது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அரசலாறு எழுதியது:

அம்மாடி, என் பெண்ணுக்கும் இதே நோய்தான். கல்யாணம் ஆகி முதல் ஆடிக்கு அழைத்து வந்தோம், ஆடி முடிந்தும் கூப்பிட யாரும் வரவில்லை. சீர்ப் பாத்திரம் மட்டும் பிறகு ஒரு வேனில் வந்து இறங்கியது. அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே போவது என்றே தெரியாது. திருச்சியில் மாவட்ட மனநலத் திட்டம் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். 1996-97இல் தமிழ்நாட்டிலேயே முதலில் அங்கேதான் ஆரம்பித்தார்கள். முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புவோம். இப்போது பக்கத்திலேயே மாத்திரை கிடைக்கிறது.

குடமுருட்டித் தம்பிக்கு: கோயிலுக்கு நானும்தான் போகிறேன், மகாலிங்க சுவாமி என் பெண்ணுக்கும் சாமிதான். மாத்திரையையும் கூடவே கொடுக்கிறேன். ஆனால் ஏதாவது இல்லத்தில் சேருங்கள் என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இல்லத்தின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அத்தனை பேரையும் கொண்டுபோய் விட்டது யார்? நம்மைப் போன்ற குடும்பங்கள்தானே. இன்றைக்குச் சங்கிலி போடுவது சட்டப்படியே தடை, மனநலச் சட்டத்தில் 95ஆம் பிரிவு. நல்ல இல்லங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. வீடு இருக்கிற பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும்?

சான்றிதழுக்குப் போகிற அன்றைக்கு ஒரு விஷயம். மனநல டாக்டர் நான்கு சங்கதி பார்ப்பார்: தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா, சொன்னால் புரிந்து பதில் சொல்கிறாரா, வேலை செய்கிறாரா. எத்தனை வருடமாக நோய் என்பதும் கணக்கில் வரும். அன்றைக்குத்தான் நாம் பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டி, சட்டையை அயர்ன் பண்ணி, பவுடர் போட்டுக் கூட்டிப்போவோம். டாக்டர் "எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் மானத்துக்குப் பயந்து "நல்லா இருக்கா டாக்டர்" என்போம். சதவீதம் நாற்பதுக்குக் கீழே போய்விடும். குளிக்கச் சொல்லி எத்தனை தடவை கெஞ்ச வேண்டியிருக்கிறது, கூலிக்குப் போனால் எத்தனை மணிக்குத் திரும்பி வந்துவிடுகிறார், ராத்திரி தூக்கம், தனக்குத்தானே பேசுவது எல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். பழைய சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள், அதில்தான் வருடக்கணக்கு இருக்கிறது. சில சமயம் சில வருடங்களுக்கு மட்டும் என்று கொடுப்பார்கள், முடிவதற்கு முன்னால் புதுப்பிக்க வேண்டும்.

பசியையும் கை நடுக்கத்தையும் டாக்டரிடமே சொல்லலாம் அம்மா. நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது. பசி குறைவாக எடுக்கிற மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது. ராத்திரியில் கஷ்டமாக இருந்தால் அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. சான்றிதழ் வந்துவிட்டால் டவுன் பஸ்ஸில் அண்ணனுக்கும் டிக்கெட் கிடையாது. உனக்கு ஏற்கெனவே கிடையாது.

எவர்சில்வர் பட்டறை எழுதியது:

அக்கா, எனக்கே இந்த நோய். கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறேன். பட்டறை எட்டு மணிக்கு, எனக்கு மாத்திரைத் தூக்கம் கலைய ஒன்பதரை ஆகும். முதலாளி பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு அதற்குத் தகுந்த கூலி தருகிறார், நியாயம்தான். இதற்கு முன்னால் இருந்த இடத்தில் நான் மாத்திரை போடுவதை ஒருத்தன் பார்த்துச் சொல்லிவிட்டான். மறுநாள் "மோட்டார் பக்கம் நிக்காதே" என்றார்கள். அந்த வாரமே கணக்கு முடித்தார்கள். இப்போது டிபன் பாக்ஸ் மூடிக்குள் மடித்து வைத்துக் கொண்டுபோகிறேன்.

உங்கள் வீட்டில் வரி வாங்காமல் போனது போல எங்கள் வீட்டில் பத்திரிகை. என் தம்பி கல்யாணப் பத்திரிகையில் கீழே உறவுக்காரர் பெயர் எல்லாம் போட்டிருந்தார்கள், பெரியப்பா பேரன் கைக்குழந்தை, அவன் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. பெண் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்றுதானாம். கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு வாளி தூக்குகிற வேலை. பெண்ணின் மாமா என்னைச் சமையல்காரர் ஆள் என்று நினைத்து, "தம்பி, இங்க சாம்பார்" என்றார். நானும் ஊற்றினேன். தம்பி பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் எழுதியதில் அம்மா சொன்னது, சித்தப்பா சொன்னது, சித்தி, சித்தப்பா மகன், ஆஸ்பத்திரி மேடம் சொன்னது எல்லாம் இருக்கிறது. அண்ணன் என்ன சொன்னார்? நிலம் அவர் பங்கு, கையெழுத்து அவருடையது, சான்றிதழில் ஒட்டப்போவதும் அவர் போட்டோதான். அவரைக் கேளுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் கேளுங்கள், ராத்திரி வேண்டாம். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். இடையில் நீங்கள் பேசிவிடாதீர்கள், எங்களுக்கு அங்கேதான் அறுந்துபோகும்.

பாமணியாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பட்டறைத் தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கேட்டேன். அம்மாவும் இருந்தாள். சித்தப்பா சொன்ன ஏற்பாடு, சான்றிதழ், 1500 ரூபாய், ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவன் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தான். கேட்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம், "எந்தப் பக்கத்தை எடுத்துக்கறாராம் சித்தப்பா?" என்றான்.

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவன் சொல்கிறான், மேலண்டைப் பக்கம் தலைமடை, அந்த நாலரை மாவை அவருக்குக் கொடுத்துவிட்டால் நமக்குக் கீழண்டைப் பக்கம்தான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் அவர் மடை விட்டால்தான் நம் வயலுக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் அவர் வயல் வடிகிற தண்ணீரும் நம் தலையில்தான் விழும். வாய்க்கால் பாத்தியம், வடிகால் இரண்டையும் பத்திரத்தில் எழுதாமல் பிரித்தால் குத்தகைக்குக்கூட ஆள் வரமாட்டான் என்கிறான். "அப்பாவும் சித்தப்பாவும் இதுக்குத்தானே ஒருதரம் மம்பட்டிய தூக்கினாங்க, ஒனக்கு ஞாபகம் இல்ல?" என்று என்னைக் கேட்கிறான். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும்.

விதைக்கவா போறான் என்ற சித்தியிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சொல்லாமல் வர எனக்கு மனசு கேட்கவில்லை.

விடுதலைப் பத்திரம் வேண்டாம், பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சரி என்றாள். சான்றிதழுக்கும் வருகிறேன் என்கிறான். ஒரே ஒரு நிபந்தனை, அயர்ன் பண்ணாத சட்டையில் வரமாட்டானாம். அரசலாறு அம்மா, இதற்கு என்ன செய்வது?

அரசலாறு எழுதியது:

அயர்ன் பண்ணிக் கொடுத்துவிடு. அதற்கும் சேர்த்து நீதான் டாக்டரிடம் வாய் திறக்க வேண்டும். வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிற சங்கதியை ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டுபோய் அவர் கையில் கொடு. அண்ணனுக்கும் படித்துக் காட்டிவிட்டுக் கொடு. அவன் முதுகுக்குப் பின்னால் கொடுத்தால் அடுத்த மாதம் மாத்திரைக்கே வரமாட்டான்.

அடங்கல் எழுதியது:

உங்கள் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வாய்க்கால் பாத்தியம் எழுதாத பாகப்பிரிவினையால் வந்த சண்டைகளுக்கு நான் எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பத்திர எழுத்தரிடம் போகும் முன் சர்வேயரை வைத்து உட்பிரிவு அளந்துவிடுங்கள், அண்ணனையும் வரப்பில் கூட நிற்கவையுங்கள். புல எண், நான்கு எல்லை, எந்த மடை வழியாகத் தண்ணீர், எந்தப் பக்கம் வடிகால், இவ்வளவும் வேண்டும். சித்தப்பா தலைமடைதான் வேண்டும் என்று நின்றால், நிலத்தை நீளவாக்கில் பிரித்து இரண்டு பேருக்கும் வாய்க்கால் முகப்பு வருகிற மாதிரி கேளுங்கள். வரைவை இலவச சட்ட உதவி வக்கீலிடம் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாரிசுச் சான்று பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.